50 வெள்ளி பாஸ்: யாருக்கு லாபம், யாருக்கு வேண்டாம்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தினமும் பஸ், ரயில் ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்கு மை50 பாஸைப்போல் கைகொடுக்கும் திட்டம் வேறில்லை. 50 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் 30 நாளுக்கு ராப்பிட் கேஎல் என்ற பொதுப் போக்குவரத்துச் சேவையின் பஸ், எம்.ஆர்.டி. இணைப்புப் பஸ், நகர ரயில்களான எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், தனிப்பாதையில் ஓடும் சன்வே பி.ஆர்.டி. பஸ் எதில் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். 2019-இல் வந்தபோது மை50 பஸ்ஸுக்கு மட்டும்தான். ரயிலும் சேர்ந்த மை100-க்கு 100 வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது.

மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே இந்தப் பாஸ். நிரந்தரவாசிகளாகச் சிவப்பு அடையாள அட்டையோடு இங்கேயே வயதாகிப்போன நம் பெரியவர்களுக்கு இது கிடைக்காது. வேலை பெர்மிட்டில் வந்தவர்களுக்கும் கிடையாது. எனக்கு இது வருத்தம்தான். ஆனால் ரயில் நிலைய முகப்பில் (கவுண்ட்டரில்) வரிசையில் நின்ற பிறகு தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது மேல்.

தகுதி உள்ளவர்கள் மைகாட் அடையாள அட்டையையும், பயணக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையையும் எடுத்துக்கொண்டு ரயில் நிலைய வாடிக்கையாளர் சேவை முகப்புக்குப் போனால் போதும். பாஸ் உங்கள் பெயரில் பதிவாகும். அண்ணன் பாஸைத் தம்பி பயன்படுத்தக் கூடாது. பயணத்தின்போது மைகாட் கையில் இருக்கட்டும்.

இனி, பலரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். கே.டி.எம். நிறுவனத்தின் புறநகர் ரயிலான கொமுட்டர் ராப்பிட் கேஎல் சேவை அல்ல; மை50 அதில் செல்லாது. செந்தூலில் எல்.ஆர்.டி. நிலையமும் இருக்கிறது, கொமுட்டர் நிலையமும் இருக்கிறது. முன்னதில் பாஸ் செல்லும், பின்னதில் தனிக் கட்டணம். கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு நேராகப் போகிற ரயிலும் கொமுட்டர்தான். விமான நிலையம் போகும் இ.ஆர்.எல். ரயிலும் பாஸில் சேராது. பாசார் செனி, புக்கிட் பிந்தாங் பக்கம் ஓடும் கோ கேஎல் பஸ்ஸுக்கோ பாஸே தேவையில்லை. 2012-இல் தொடங்கிய அந்தச் சேவை குடிமக்களுக்கு இலவசம்.

பாஸ் எடுக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். போகவர நாளைக்கு 5 வெள்ளி ஆகிறவர் 10 நாளில் 50 வெள்ளியைத் தொட்டுவிடுவார். மீதி நாளெல்லாம் லாபம். ஆனால் அதே தூரத்தில் உள்ள மருத்துவமனைக்கு அம்மா வாரம் இரண்டு முறைதான் போகிறார் என்றால், 30 நாளுக்கு 40 வெள்ளி, மிஞ்சினால் 45 வெள்ளிதான் ஆகும். அவருக்கு மை50 நஷ்டம். 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு ராப்பிட் கேஎல்லில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அதை எடுத்தால் செலவு ஏறக்குறைய 20 வெள்ளியோடு முடியும். பெற்றோர் மேலுள்ள பாசத்தில் பிள்ளைகள் மாதாமாதம் மை50 வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு நாள் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் முதியோர் சலுகைக்குப் பதிந்து கொடுங்கள். மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிச் சலுகைகள் இருக்கின்றன. அவற்றையும் அதே முகப்பில் கேட்கலாம்.

30 நாள் என்பது காலண்டர் மாதம் அல்ல. நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நேரத்தில் பாஸ் முடிந்தால் அவசரப்பட்டுப் புதுப்பிக்காதீர்கள். திரும்பி வந்து, வேலைக்குக் கிளம்பும் அன்று புதுப்பித்தால் போதும்.