கேஸ் அடித்தல்: ஏசிக்குள் ஓடுவதற்கு என்ன பெயர்?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கோவையில் ஏசி மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் முதலில் காதில் விழுவது இதுதான்: "கேஸ் இல்லீங்கண்ணா, அடிச்சுட்டாச் சரியாப் போயிருமுங்க." செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரில் பந்தயத் திடல் இருக்கிற ஊர் இது. இரண்டு இருக்கைக் காரை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு இங்கே குறைவில்லை. சித்திரை வெயிலில் அவிநாசி ரோடு சிக்னலில் நின்று வேகிறவருக்கு, கேஸ் அடித்தால் போதும் என்ற வார்த்தை அப்போதைக்கு இனிக்கத்தான் செய்யும். அடுத்த கோடையில் மறுபடியும் அதே வார்த்தையைக் கேட்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

'கேஸ்' ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தாலும் பிறந்த இடம் வேறு. இன்றைய பெல்ஜியம் பகுதியில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட், கரி எரியும்போது வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குப் பெயர் தேடினார். உருவமில்லாத வெறுவெளியைக் குறிக்கும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லைத் தன் ஊர் உச்சரிப்புக்கு ஏற்றபடி சுருக்கி வைத்தார். தமிழில் வளி என்பது சங்கப் பாடல்களிலேயே உண்டு, வாயு வடமொழி, வளிமம் பின்னால் ஆக்கிக்கொண்ட கலைச்சொல். பேச்சில் நமக்கு மூன்று கேஸ்: அடுப்பில் எரிவது, வயிற்றில் உப்புவது, ஏசிக்குள் ஓடுவது. முதலாவதற்கு எரிவாயு இருக்கிறது, இரண்டாவதற்கு வாயுவே போதும். மூன்றாவதற்குத்தான் சிக்கல்.

ஏனென்றால் ஏசிக்குள் ஓடுவது பாதி வழியில் கேஸே இல்லை. கம்ப்ரசர் ஆவியை அழுத்திச் சூடாக முன்னால் தள்ளுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே பீய்ச்சும்போது அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் காயிலில் அந்தத் திரவம் கொதித்து ஆவியாகும். கொதிக்கத் தேவையான வெப்பத்தைக் கேபின் காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். நமக்குச் சில்லென்று இருப்பது அதனால்தான். பிறகு மீண்டும் கம்ப்ரசர். இந்தச் சுற்றில் எதுவும் எரிவதில்லை, தீர்வதும் இல்லை. சமையல் சிலிண்டர் மாதிரி காலியாகிற சரக்கு என்று நினைக்க வைப்பது 'கேஸ்' என்ற பெயர்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள்.

'அடித்தல்' இன்னும் கொஞ்சம் கெடுக்கிறது. டயருக்குக் காற்று அடிக்கிறோம், பங்க்கில் பெட்ரோல் அடிக்கிறோம், தோட்டத்தில் மருந்து அடிக்கிறோம். எல்லாம் அவ்வப்போது செய்ய வேண்டிய வேலை என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தின் 'ரீசார்ஜ்' வண்டியைக் குறித்த 'கார்ருஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வருகிறது. வண்டியில் சுமை ஏற்றுவது என்பது மூலப்பொருள். 'கார்' என்ற பெயருக்கும் வேர் அதே சொல்தான். நமக்கோ ரீசார்ஜ் என்றால் செல்போன். 'நிரப்புதல்' என்று சொன்னாலே போதும்.

சரி, நிரப்புகிற பொருளுக்கு என்ன பெயர்? பழைய ஆட்கள் 'ப்ரியான்' என்பார்கள். அது டூபாண்ட் நிறுவனத்தின் வணிகப் பெயர்; 1930ஐ ஒட்டிச் சந்தைக்கு வந்தது. தாமஸ் மிட்ஜ்லியும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிய அந்தப் பொருளுக்கு எண் ஆர்-12; தீப்பிடிக்காது, நஞ்சும் குறைவு. ஆனால் அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தைத் தின்றது. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது ஒழிந்து, 1990களின் நடுவில் வளர்ந்த நாடுகளிலும் பிறகு மற்ற இடங்களிலும் ஆர்-134ஏ கார்களுக்குள் வந்தது. அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 26 டிகிரி செல்சியஸ். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதிலேயே வாய்பாடு ஒளிந்திருக்கிறது. 134இல் கடைசி எண் ஃப்ளோரின் அணுக்கள், நான்கு. நடு எண்ணில் ஒன்றைக் கழித்தால் ஹைட்ரஜன், இரண்டு. முதல் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் கார்பன், இரண்டு.

பொதுப்பெயருக்குத் தமிழில் 'குளிரூட்டி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. ஏசி இயந்திரமே குளிரூட்டிதான். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டையும் அப்படியே எழுதுகிறார்கள். ஒரே பானெட்டுக்குள் மூன்று குளிரூட்டி இருந்தால் எதில் எதை ஊற்றுவது? குளிர்பதனம் என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் 'குளிர்பதனி' பொருத்தம். பனைமரத்துப் பதனி நினைவுக்கு வருமே என்பார்கள். கொங்கில் அதற்குத் தெளுவு என்று பெயர் இருப்பதால் நமக்கு அந்தக் குழப்பமும் இல்லை.

பெயர் மாறினால் கேட்கும் கேள்வியும் மாறும். குளிர்பதனி எங்கே போனது? பைப் மூட்டுகளைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருந்தால் கசிவு அங்கேதான், ஏனென்றால் கம்ப்ரசர் ஆயில் குளிர்பதனியோடு கலந்தே ஓடுகிறது. குளிர்பதனி நிரப்பும் சர்வீஸ் வால்வுக்குள் இருக்கும் ஊசி, டயரில் இருக்கும் அதே வகை; மூடி தொலைந்திருந்தால் அதையும் சந்தேகிக்கலாம். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கிற காரில் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் காய்ந்து விடும். மார்கழியிலும் வாரத்துக்குச் சில நிமிடம் ஏசியை ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான்.

கசிவே இல்லாமலும் குளிர் குறையும். மூக்கு தாழ்ந்த காரில் சாலைப் புழுதியும் பூச்சியும் கண்டென்சரில் அப்பிக்கொள்ளும். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றதும் சூடாகக் காற்று வந்தால், முதலில் முன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டினால் நீலம் தாழ்வழுத்தப் பக்கம், சிவப்பு உயரழுத்தப் பக்கம். கம்ப்ரசர் ஓடும்போது இரண்டும் தாழ்ந்தால் குளிர்பதனி குறைவு. நீலம் ஏறிச் சிவப்பு இறங்கினால் பெரும்பாலும் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது.

இன்ஜினை அணைத்துவிட்டு "95 பிஎஸ்ஐ இருக்குதுங்க, ஃபுல்லா இருக்குது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 30 டிகிரி வெப்பத்தில் உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் முள் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். அளவைச் சொல்வது எடை மட்டுமே. அதனால் மிச்சத்தை மீட்டெடுத்து, கசிவை அடைத்து, பம்ப் போட்டு வெற்றிடமாக்கி, ஈரம் போன பின் தராசில் சிலிண்டரை வைத்து நிரப்ப வேண்டும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், உள்ளே அமிலமும் உண்டாகும்.

ஆர்-12க்கு வடிவமைத்த காரில் 134ஏ நிரப்புவதென்றால் வேலை கூடும். பழைய மினரல் ஆயில் 134ஏவோடு கலக்காது. அதைக் களைந்து பிஏஜி அல்லது எஸ்டர் என்ற செயற்கை ஆயிலுக்கு மாற வேண்டும். ஈரம் உறிஞ்சும் ட்ரையரும், மூட்டுகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களும் புதிதாகப் போட வேண்டும். சர்வீஸ் வால்வுக்கு அடாப்டர் வேண்டும். பழைய எடையில் 80 முதல் 90 சதவீதம் நிரப்பினால் போதும். விலை குறைவு என்று எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் கலவையை ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பில்லில் 'கேஸ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் விடாதீர்கள். எந்த எண், எத்தனை கிராம், என்ன ஆயில் என்று எழுதி வாங்கி, அதையே ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பானெட்டுக்குள் ஒட்டுங்கள். அடுத்துத் திறக்கிறவருக்கு அதுதான் தேவை.