தரவு, தகவல், அறிவு: காசிமேட்டிலிருந்து ஒரு சொல் விளக்கம்

'டேட்டா'வுக்குத் 'தரவு' என்ற சொல் வாய்த்தது நம் நல்லகாலம். லத்தீனில் 'டாரே' என்றால் கொடுத்தல்; 'டாட்டும்' என்றால் கொடுக்கப்பட்டது; அதன் பன்மைதான் டேட்டா. தமிழிலும் வருவிலிருந்து வரவு பிறந்ததுபோல, தருவிலிருந்து தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் இதே பெயர்தான். பாட்டு அங்கிருந்து கிளம்பும். ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. எந்த அளவும் தானாக வந்து கையில் விழுவதில்லை. எதை அளப்பது என்று யாரோ முடிவு செய்து எடுத்ததுதான் அது. 'எடுவு' என்றொரு சொல் இல்லை, விடுங்கள்.

சென்னையின் மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு வாருங்கள். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் அங்கே மிதக்கும் பாசியின் பச்சையத்தையும் செயற்கைக்கோள் அளக்கிறது. வெறும் எண்கள், தரவு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் அவற்றைச் சேர்த்துப் பார்த்து, மீன் கூடுவதற்கு வாய்ப்புள்ள இடம் எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் என்று மீனவர்களுக்குச் சொல்கிறது. இது தகவல். 'இன்ஃபர்மேஷன்' என்பதன் லத்தீன் வேருக்கு 'உருக்கொடுத்தல்' என்று பொருள், பொருத்தம்தான்.

அதே செய்தியைப் பார்த்துவிட்டு, "டீசலுக்கே கட்டாதுண்ணா, வோணாம்" என்று ஒரு டிரைவர் விசைப்படகைக் கரையிலேயே நிறுத்தலாம். வெள்ளம் வன்னியா தெண்டியா (கடல் நீரோட்டம் எந்தப் பக்கம்), காற்று எப்போது திரும்பும், கையிலிருக்கும் வலை அந்த ஆழத்துக்குச் சரிப்படுமா, போய் வருவதற்குள் ஏலத்தில் விலை இறங்கிவிடுமா என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்கும். அதுதான் அறிவு. கேட்டால் பாதிக்குமேல் அவராலேயே சொல்ல முடியாது. சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி 1966-இல் எழுதியது இதைத்தான்.

அதை ஆங்கிலத்தில் 'டேசிட் நாலெட்ஜ்' என்கிறார்கள்; தமிழில் 'உள்ளுறை அறிவு' எனலாம். எனக்கு 'பட்டறிவு' பிடிக்கும். பொருள் அச்சாக ஒன்றல்ல, ஆனாலும் பட்டு அறிந்தது என்று சொல்லே விளக்கிவிடுகிறது. 'நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட்'டை 'அறிவு மேலாண்மை' என்று எழுதுகிறோம். அந்தப் பெயரில் நிறுவனங்கள் பலவும் செய்வது கோப்புகளை அடுக்கிவைப்பது. அதற்குத் 'தகவல் மேலாண்மை' போதும். பட்டறிவு கோப்பில் ஏறாது, டிரைவர் பக்கத்தில் நின்று பல நாள் கடலுக்குப் போன பையனிடம்தான் ஏறும்.

இந்த மூன்றையும் கீழிருந்து மேலே போகும் படிக்கட்டாக வரைவது வழக்கம். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1988-இல் ஒன்று சொன்னார்: தரவைத் தகவலாக்கவே அறிவு வேண்டும். அப்படியானால் மேல்படி கீழேயும் இருக்கிறது. பாசி செழித்த இடத்தைத் தேடி மீன் வரும் என்பது முன்பே தெரிந்திருந்ததால்தான், மீன் இருக்கும் இடத்தைச் சொல்லப் பச்சையத்தின் அளவைப் பார்க்கிறார்கள்.