கடைமடையிலிருந்து ஒரு குரல்: கஞ்சா எப்படிக் கால் விறைப்பைத் தளர்த்துகிறது?

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு வாசகர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: “சார், எங்க அக்காவுக்கு எம்.எஸ்.னு பெங்களூர்ல சொல்லிட்டாங்க. மாத்திரை சாப்பிடறாங்க. ஆனா ராத்திரியானா ரெண்டு காலும் வெறைச்சுக்குது, குரக்களி இழுக்குது. வெளிநாட்ல இதுக்குக் கஞ்சாவுலயே மருந்து குடுக்கறாங்களாமே, நெசமா?”

நிஜம்தான். ஆனால் கஞ்சா என்றதும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஓசூர் சாலைச் சோதனைச்சாவடியும், மறுநாள் பேப்பரில் மூட்டைகளோடு வரும் போலீஸ் படமும்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடலின் எதிர்ப்பு சக்தி சொந்த நரம்புகள் மேலேயே பாய்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறை அங்கங்கே அரிக்கப்படுகிறது. உறை உள்ள இழையில் செய்தி வினாடிக்கு 100 மீட்டர் வரைகூட ஓடும். உறை போன இடத்தில் தடுமாறும், சில நேரம் நின்றே போகும். எங்கே அரித்ததோ அதற்கேற்பப் பார்வை மங்கும், கை மரத்துப்போகும், நடை தள்ளாடும்.

செய்தி போய்ச் சேராவிட்டால் தசை துவண்டுதானே போக வேண்டும், ஏன் விறைக்கிறது? மூளை கீழே அனுப்புவது ‘செய்’ என்ற கட்டளை மட்டுமில்லை. ‘சும்மா இரு’ என்பதும் நிறையப் போகிறது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுகிறதே, அந்த அனிச்சைச் செயல் தண்டுவடத்தின் சொந்த வேலை. அதை எந்நேரமும் அடக்கி வைத்திருப்பது மேலிருந்து வரும் தடுப்புச் செய்தி. அது வரும் பாதை அரிபட்டால் தண்டுவடத்தைக் கேட்பாரில்லை. நரம்பியல் மருத்துவர் நோயாளியின் பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்வார். நமக்கென்றால் பாதம் அப்படியே நிற்கும். இவர்களில் பலருக்குப் பாதம் டக்டக்கென்று மேலும் கீழும் அடித்துக்கொள்ளும், மருத்துவர் கையை எடுக்கும்வரை ஓயாது. நோயாளியும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், ஆட்டுவது அவரில்லை.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடுக்கில், அனுப்பும் அணு குளுட்டமேட் போன்ற வேதிப்பொருளை விடும். வாங்கும் அணு கிளர்ச்சியடையும். செய்தி ஒரே திசையில்தான் போகும் என்று பள்ளியில் படித்தோம். 2001-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே வேலை செய்த ஆய்வுக்குழுக்கள், வாங்கும் அணு திருப்பிப் பேசுகிறது என்றும் எந்த வகை மூலக்கூறை வைத்துப் பேசுகிறது என்றும் காட்டின. கே.ஆர்.பி. அணை வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாளில், கடைமடை வயல் ரொம்பியதும் அங்கே நிற்பவர் கரையோடு மேலே போய் மடையை அடைக்கச் சொல்வாரில்லையா, அதே ஏற்பாடுதான்.

வாங்கும் அணுவுக்குள் கால்சியம் மிதமிஞ்சி ஏறியதும், அது தன் சவ்விலுள்ள கொழுப்பையே வெட்டி 2-ஏ.ஜி. என்ற மூலக்கூறைச் செய்கிறது. மற்ற நரம்புத் தூதுப்பொருள்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே செய்து சிறு பைகளில் அடைத்து வைக்கப்பட்டவை. இது கொழுப்பு, பையில் அடைபடாது. அதனால் கையிருப்பு கிடையாது, தேவைப்பட்ட நொடியில்தான் உற்பத்தி. உண்டானதும் இடுக்கைப் பின்னோக்கிக் கடந்து, அனுப்பிய அணுவின் நுனியிலுள்ள சி.பி.1 என்ற ஏற்பியில் போய் உட்காரும். உடனே அங்குள்ள கால்சியம் வாயில்கள் மூடிக்கொள்ளும். கால்சியம் நுழையாவிட்டால் குளுட்டமேட் பை உடையாது. கூச்சல் அடங்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து 2-ஏ.ஜி.யைச் சிதைத்துவிடும். எல்லாம் சில பத்து வினாடிகளுக்குள். இவ்வளவு சிக்கனமான நிர்வாகத்தை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

கஞ்சாப் பூவின் பிசினிலுள்ள, போதை தரும் டி.எச்.சி.யை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் கவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது இதே சி.பி.1-ல் பொருந்தும். ஆனால் அந்த நொதியால் அதைச் சிதைக்க முடியாது. மடை மணிக்கணக்கில் அடைபட்டே கிடக்கும், கேட்பாரில்லாத தண்டுவடத்தின் கூச்சலும் அதனால் தணியும். 2000-ல் லண்டனில் டேவிட் பேக்கர் குழு, எம்.எஸ். போன்ற நோய் உண்டாக்கிய சுண்டெலிகளில் இதைப் பார்த்தது. சி.பி.1-ஐத் தூண்டியபோது விறைப்பு குறைந்தது. தடுத்தபோது விறைப்பு இன்னும் கூடியது. இரண்டாவது முடிவுதான் அழகு: எந்த மருந்தும் இல்லாதபோதே உடல் தன்னால் முடிந்த மட்டும் விறைப்பைத் தளர்த்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

சிக்கல் என்னவென்றால் சி.பி.1 தண்டுவடத்தில் மட்டும் இல்லை. நினைவு, மனநிலை, உடல் சமநிலை எல்லாவற்றையும் கவனிக்கும் பகுதிகளிலும் இருக்கிறது. அதனால்தான் கிறுகிறுப்பு, மறதி, சிலருக்கு மனக்குழப்பம். ஏற்கெனவே தள்ளாடி நடப்பவருக்கு இவை சின்ன விஷயமல்ல.

2010-ல் பிரிட்டன் அனுமதித்த கஞ்சாச் சாற்று மருந்தான சாட்டிவெக்ஸ், கன்னத்தின் உட்புறமோ நாக்கடியிலோ அடிக்கும் ஸ்பிரே. பெப்பர்மின்ட் வாசம், ஆல்கஹால் கலந்திருப்பதால் வாய் எரியும். ஒருமுறை அடித்தால் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி.யும், கஞ்சாவிலேயே உள்ள, போதை தராத சி.பி.டி. 2.5 மில்லிகிராமும் உள்ளே போகும். ஒரு நாளைக்கு 12 முறைதான் உச்சம். மற்ற மருந்துகளுக்கு அடங்காத விறைப்புக்கு மட்டுமே தருவார்கள். நாலு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பலருக்குப் பலன் தெரிவதில்லை. நோயையும் இது தொடுவதில்லை: மூன்று ஆண்டுகள் டி.எச்.சி. கொடுத்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, நோய் முற்றுவதை அது தாமதப்படுத்தவில்லை என்று 2013-ல் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுத்தான் சோதிக்க வேண்டும். எம்.எஸ். பலருக்கு வந்து வந்து போகும் நோய். தாக்குதல் சில வாரங்களில் தானாகவே தணியும். காத்து கருப்பு என்று கோழி அறுத்து, மந்திரித்த கயிறு கட்டும் வீடுகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. கயிறு கட்டிய வாரம் கண் தெளிந்தால் பெயர் கயிற்றுக்கு. கஞ்சா எண்ணெய் விற்பவருக்கும் அதே அதிர்ஷ்டம் அடிக்கும். எம்.எஸ். நோயாளிகளுக்குக் கஞ்சா மருந்து கொடுத்துப் பார்த்து 2003-ல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், மருத்துவர்கள் கை கால்களை மடக்கி அளந்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நோயாளிகளோ தேவலை என்றார்கள். போதை ஏறினால் தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளிக்கே தெரிந்துவிடுமே! இந்தக் குழப்பம் இன்றும் முழுதாகத் தீரவில்லை.

என் ஆற்றாமை வேறு. 1839-ல் கல்கத்தாவில் வில்லியம் ஓ'ஷாக்னெஸி என்ற மருத்துவர், நம் ஊர்க் கஞ்சாவை ரணஜன்னி (டெட்டனஸ்) நோயாளிகளுக்குக் கொடுத்து, தசை இழுப்பு தளர்வதை எழுதி வைத்தார். சித்த மருத்துவ நூல்களிலும் கஞ்சா உண்டு. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டமும் மருத்துவ, அறிவியல் தேவைக்குக் கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறது, ஜம்முவிலுள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம் உரிமம் பெற்றுச் செடி வளர்க்கிறது. இத்தனை இருந்தும் மருந்தாக்கியது இங்கிலாந்து. பிடிபட்ட மூட்டைகளை எரிக்கும் நாட்டில், அந்த மூலக்கூறை ஆராயப் பணம் ஒதுக்கவும் மனம் வர வேண்டும்.

தெருவில் வாங்கும் பொட்டலத்தில் டி.எச்.சி. எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது. பிடிபட்டால் வழக்கு வேறு. மருத்துவரிடம் கேட்க வேண்டியது விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென், டைசானிடின் மாத்திரைகளின் அளவு சரியா என்பதை. எம்.எஸ். உள்ளவருக்கு விறைப்பு திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், இறுக்கமான செருப்பு இவற்றில் ஏதாவது தண்டுவடத்தைச் சீண்டிக்கொண்டிருக்கலாம். முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள்.