கோணலாகப் பிறந்த ‘ஸ்லிம்’

ஒல்லியான உடம்பைப் பாராட்ட ஆங்கிலத்தில் அன்றாடம் சொல்கிற சொல் ‘ஸ்லிம்’. அதையே ஜெர்மனில் ‘ஷ்லிம்’ என்றால் ‘மோசம்’ என்று பொருள். டச்சு மொழியில் ‘ஸ்லிம்’ என்றால் புத்திசாலி. மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதுதான் வியப்பு.

பழைய ஜெர்மானிய மொழிகளில் அந்த வேர்ச்சொல்லுக்குப் பொருள் சாய்வு, கோணல். உடம்பின் பருமனோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அப்புறம் எப்படி இவ்வளவு தூரம் வந்தது? ஒரு சொல்லின் பொருள் ஒரே தாவலில் மாறிவிடாது. பழைய பொருளும் புதிய பொருளும் சேர்ந்தே பொருந்துகிற இடங்களில் அது கொஞ்ச காலம் புழங்க வேண்டும். ஒரு சுவரைக் ‘கோணல்’ என்று சொன்னால், அது மோசமான சுவர் என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. கேட்பவர் இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் பேச்சு தடைபடாது. அப்படிக் கேட்டே வளரும் பிள்ளைகளில் சிலர் ‘மோசம்’ என்பதையே முதல் பொருளாகப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு நேரான சுவரில் விரிசல் விட்டாலும் அதே சொல்தான். ஜெர்மன் இந்த இடத்தில் நின்றுவிட்டது.

டச்சு வேறு பக்கம் திரும்பியது. கோணலாக யோசிப்பவர் தந்திரக்காரர். தந்திரக்காரர் எப்படியும் கெட்டிக்காரர்தானே! நாளடைவில் அந்தக் கெட்ட வாடை போய், பாராட்டு மட்டும் மிஞ்சியது. டச்சிலிருந்து கிளைத்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில் ஸ்மார்ட்ஃபோனுக்குப் பெயரே ‘ஸ்லிம்ஃபோன்’. தென்னாப்பிரிக்கப் பிரதமராக இருந்த யான் ஸ்மட்ஸை ‘ஸ்லிம் யானி’ என்று அழைத்ததும் அவர் உடல்வாகைப் பார்த்து அல்ல, அரசியல் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான்.

ஆங்கிலம் இதை 17ஆம் நூற்றாண்டில் டச்சிலிருந்து எடுத்துக்கொண்டது. அங்கே அது மெலிந்தது, அற்பமானது என்ற பொருள்களில் புழங்கியது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில், இது கொச்சைச் சொல் போலிருக்கிறது, ஆகவே பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவைத்தார். யாரும் கேட்கவில்லை. பேசுகிறவர்களுக்குப் பிடித்துப்போன சொல்லை எந்த அகராதியாலும் தடுக்க முடிந்ததில்லை.

மெலிவு அழகு என்ற எண்ணம் வலுத்த பிறகுதான் இந்தச் சொல்லுக்கு இன்றைய பளபளப்பு வந்தது. அதுவும் எல்லா இடத்திலும் அல்ல. 1980களில் உகாண்டாவில் ‘ஸ்லிம்’ என்பது மக்கள் அஞ்சி உச்சரித்த பெயர். எய்ட்ஸால் உடம்பு கரைந்துபோவதைப் பார்த்து அவர்கள் அந்த நோயையே அப்படி அழைத்தார்கள். 1985இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் அந்தப் பெயர்தான் இருந்தது.

‘அற்பம்’ என்ற பழைய பொருளும் இன்னும் சாகவில்லை. ‘ஸ்லிம் சான்ஸ்’ என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. எதிர்ச்சொல்லைப் போட்டு ‘ஃபேட் சான்ஸ்’ என்றாலும் கிட்டத்தட்ட அதேதான், ஏனென்றால் அது கிண்டலாகவே சொல்லப்படுவது.