மணல் மெலிந்து முடியும் இடத்தில் எண்ணெய்

நிலத்தடிப் பாறைகள் குடை விரித்தது போல் வளைந்திருக்கும் இடங்களில்தான் எண்ணெய் தேங்கும் என்று பள்ளியில் படித்த வாசகர் ஒருவர், அப்படி எந்த வளைவும் இல்லாமல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும் பாறையில் எண்ணெய் எப்படி நிற்கும் என்று கேட்டிருந்தார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1930ஆம் ஆண்டு எண்ணெய்த் தொழிலில் இருந்த பலரும் இதே ஐயத்தோடுதான் இருந்தார்கள்.

அடிப்படைகளை நாம் அறிவோம். கடலடியில் புதைந்த நுண்ணுயிர்களின் எச்சம் வெப்பத்தால் எண்ணெயாகிறது. நீரைவிட இலேசான அந்த எண்ணெய், நீர் நிறைந்த மணற்பாறையின் நுண்துளைகள் வழியாக, தடை ஒன்று வரும்வரை மேல்நோக்கி ஊர்கிறது. இப்படி எண்ணெயைச் சிக்கவைக்கும் அமைப்பைப் பொறி என்பார்கள். பாறை மடிந்தோ பிளந்தோ தடையானால் அது கட்டமைப்புப் பொறி. பாறையே வேறாக மாறியோ, மெலிந்து அற்றுப்போயோ தடையானால் அது அடுக்குப் பொறி. பின்னதற்கு அப்பெயரை 1936இல் வழங்கியவர் அமெரிக்க நிலவியலாளர் லெவோர்சன்.

கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயல் இதற்குத் தலைசிறந்த சான்று. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கடலோரத்தில் கொட்டிய மணல், உட்பைன் மணற்பாறை ஆனது. பிறகு கிழக்கே சபைன் மேடு எனப்படும் பகுதி மெல்ல உயர, அதன் மேலிருந்த மணற்பாறை வெளியே தலைகாட்டி அரிக்கப்பட்டது. மீண்டும் கடல் ஏறி, அரிபட்ட விளிம்பின் மேல் ஆஸ்டின் சுண்ணப்பாறை என்னும் நுண்மணிப் பாறையைப் படியவைத்தது. ஆகவே மேற்கே தடித்து ஆழத்தில் கிடக்கும் மணற்பாறை, கிழக்கு நோக்கி மேலேற மேலேற ஆப்பு போல் மெலிந்து, மேலும் கீழும் இறுக்கமான பாறைகள் நெருக்க, ஓரிடத்தில் இல்லாமலே போய்விடுகிறது. மேற்கிலிருந்து ஏறிவந்த எண்ணெய் அந்த முனையில் நின்றுவிட்டது.

இங்கேதான் என்னை எப்போதும் வியக்கவைக்கும் செய்தி இருக்கிறது. மேலே மூடியிருக்கும் பாறையில் துளைகளே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதிலும் துளைகள் உண்டு, அவற்றிலும் நீர்தான் நிறைந்திருக்கிறது. அப்படியானால் எண்ணெய் ஏன் அதற்குள் ஏறவில்லை? பாறைத் துகள்களின் பரப்பில் நீர் விரும்பி ஒட்டிக்கொள்வதால், எண்ணெய்த்துளி அந்த நீரைத் தள்ளிவிட்டு இரு துகள்களுக்கு இடையிலுள்ள கழுத்துக்குள் நுழைய வேண்டுமென்றால், தன் முகப்பை அந்தக் கழுத்தின் அளவுக்குக் கூர்மையாக வளைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்போ, இழுத்துக் கட்டிய படலம் போல் அந்த வளைவை எதிர்க்கிறது. கழுத்தின் ஆரம் பாதியானால் எதிர்ப்பு இரு மடங்காகிறது.

இதை எண்களில் பார்த்தால் வியப்பு கூடும். அந்தப் பரப்பின் இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் என்றும், எண்ணெய் நீரைவிடக் கனமீட்டருக்கு 200 கிலோ இலேசானது என்றும் எடுத்துக்கொள்வோம். கழுத்தின் ஆரம் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உள்ள மணற்பாறைக்குள் நுழைய 6,000 பாஸ்கல் அழுத்தம் போதும். 3 மீட்டர் உயரம் திரண்ட எண்ணெயின் மிதப்பே அதைத் தந்துவிடும். ஆரம் 0.05 மைக்ரானாகச் சுருங்கினால் 12 லட்சம் பாஸ்கல் வேண்டும். அதற்கு எண்ணெய் 600 மீட்டர் உயரம் திரள வேண்டும். கிழக்கு டெக்சாஸில் திரண்ட எண்ணெயின் உயரம் அதன் அருகில்கூட வராது. மணற்பாறை முடிந்து நுண்மணிப் பாறை தொடங்கும் எல்லை ஒன்றே எண்ணெயை நிறுத்தப் போதுமானது என்பதும், கோடிக்கணக்கான ஆண்டுகள் அது பிடித்துவைத்தது துளையின் அகலம் என்னும் ஒற்றை அளவினால்தான் என்பதும் என் மனத்தை விட்டு நீங்காதவை.

1930 அக்டோபரில் 'டாட்' ஜாய்னர் என்னும் முதியவரின் டெய்சி பிராட்ஃபோர்ட் 3ஆம் எண் கிணறு, ஏறத்தாழ 3,500 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டது. அவருக்கு இடம் சொன்ன லாயிட் என்பவர் முறையாக நிலவியல் பயின்றவர் அல்லர். அங்கே இல்லாத மடிப்புகளையும், நிலத்தடியில் மேலெழும்பிய உப்புத் திரள்களான உப்புக் குவிமாடங்களையும் இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். எண்ணெய் கிடைத்தது என்பதால் அவர் சொன்ன காரணம் மெய்யாகிவிடாது. குச்சி பிடித்து நிலத்தடி நீர் பார்ப்பவர் சொன்ன இடத்தில் ஊற்றுக் கிடைத்ததும் குச்சியைப் புகழ்கிறோமே, அதே பிழைதான் இது. துளையிடும்போது வெளிவரும் பாறைத் துண்டுகளை ஒவ்வொரு அடிக்கும் பாதுகாத்து, ஆராய்ந்து படிக்க ஆளும் பணமும் ஒதுக்குவதே இத்தகைய பொறிகளைக் கண்டறியும் நேர்வழி என்று உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் மெலியும் மணலை மேலிருந்து காட்டிக்கொடுக்கும் வளைவு எதுவும் இல்லை. அருகருகே உள்ள கிணறுகளின் பாறை வரிசையை ஒப்பிட்டு அதைத் தடம் பிடிக்கலாம்.

அந்த ஆண்டு டிசம்பரில் கில்கோர் நகருக்கு அருகிலும், 1931 ஜனவரியில் லாங்வியூ நகருக்கு அருகிலும் எண்ணெய் பீறிட்டபோது, அவற்றைத் தனித்தனி வயல்கள் என்றே பலர் கருதினர். இடையிடையே துளையிடத் துளையிட, மூன்றும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீண்ட ஒரே வயல் என்று தெளிவாயிற்று. அங்கே 30,000க்கும் மேற்பட்ட கிணறுகள் தோண்டப்பட்டன; 500 கோடி பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுக்கப்பட்டது. ஜாய்னரின் கிணற்றில் எண்ணெய் விட்டு விட்டுத்தான் பாய்ந்தது. அது வயலின் கிழக்கு ஓரத்தில், மணற்பாறை ஆப்பின் மெல்லிய முனைக்கு அருகில் இறங்கியிருந்தது. தடித்த மணல் முழுவதும் அதற்கு மேற்கே கிடந்தது.