ஸ்கேன் செய்த பக்கத்தில் சொல்லைத் தேடுவது எப்படி?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எந்தச் சொல்லைத் தேடினாலும் இல்லை என்கிறது. அந்தச் சொல் என் கண்ணெதிரே இருக்கிறதே?"

அவர் பார்ப்பது சொல்லின் படத்தை. ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் குறுக்கே 2480, நெடுக்கே 3508, ஆக சுமார் 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் என்ன நிறம் என்பது மட்டும்தான் கோப்பில் பதிவாகிறது. தேடும் பெட்டியோ யூனிகோடு எண்களை, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒதுக்கிய எண்களைத் தேடுகிறது. அப்படி ஓர் எண்கூட இல்லாத கோப்பில் அது எதைக் கண்டுபிடிக்கும்?

படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுப்பது ஓசிஆர் மென்பொருளின் வேலை. சாய்ந்திருக்கும் பக்கத்தை நிமிர்த்துவது, தாளின் மஞ்சளை நீக்கி கருப்பு வெள்ளையாக்குவது, வரிகளைப் பிரிப்பது, ஒவ்வொரு வரியையும் நரம்பணு வலைக்கு (மாதிரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரலுக்கு) கொடுத்துப் படிக்கச் சொல்வது என்று அது போகும். இலவசமாகக் கிடைப்பவற்றில் பெயர்பெற்றது டெசராக்ட். 1985 முதல் ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தில் உருவாகி, 2005-ல் யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறமூலமாக வெளிவந்து, 2018-ல் வந்த நான்காம் பதிப்பில் நரம்பணு வலைக்கு மாறியது. தமிழும் படிக்கும். நமக்கு இங்கே முக்கியம் அது திருப்பித் தரும் விடை: ஒவ்வொரு சொல், கூடவே அந்தச் சொல் பக்கத்தில் எந்த இடத்தில், எவ்வளவு நீள அகலத்தில் இருக்கிறது என்ற பெட்டிக் கணக்கு.

சரி, சொல்லும் இடமும் கிடைத்தாயிற்று. இதைப் பக்கத்தில் எப்படி வைப்பது? பழைய அச்சின் அழகைத் தொடக்கூடாது, ஆனால் எழுத்தும் இருக்க வேண்டும். இதற்குப் பிடிஎஃப்பில் உள்ள வழியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பிடிஎஃப்பில் எழுத்தை எப்படி வரைய வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை எட்டு முறைகள் உண்டு. 0 என்றால் மை நிரப்பி வரை. 1 என்றால் வெளிக்கோடு மட்டும். 3 என்றால் நிரப்பவும் வேண்டாம், கோடும் வேண்டாம். அதாவது எழுத்து அந்த இடத்தில் இருக்கும், தேடினால் சிக்கும், சுட்டியால் இழுத்தால் தேர்வாகும், ஆனால் ஒரு துளி மைகூடப் படாது. ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக இப்படி ஒரு மையில்லாச் சொல்லை வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நீங்கள் பார்ப்பது படம். நீங்கள் நகலெடுப்பது அதே இடத்தில் இருக்கும் காணா எழுத்து.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்தை வைக்க எழுத்துரு வேண்டும். தமிழ், ஆங்கிலம், சீனம் என்று எது வந்தாலும் அதற்கான எழுத்துருவைக் கோப்பில் திணித்தால் அளவு வீங்கிப்போகும். யாரும் பார்க்கப்போகாத எழுத்துக்கு வடிவம் எதற்கு? ஆகவே டெசராக்ட் வடிவமே இல்லாத எழுத்துரு ஒன்றைச் செருகுகிறது. 65,536 குறி எண்களும் அதில் ஒரே வெற்றுக் கட்டத்துக்குப் போகின்றன. அகரமும் அதுதான், ழகரமும் அதுதான். எழுத்துரு ஒரு கிலோபைட்டைக்கூட எட்டாது. எந்த எண் எந்த யூனிகோடு எழுத்து என்ற அட்டவணை மட்டும் தனியே இருக்கிறது. தேடலுக்கு அது போதும்.

எல்லாக் கட்டமும் ஒரே அகலம் என்பதால், சொல்லின் பெட்டிக்குப் பொருந்தும்படி மொத்தமாகக் குறுக்கியோ விரித்தோ வைக்கிறார்கள். இதைத் தமிழில் நேரிலேயே பார்க்கலாம். 'மின்னல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது நான்கு எழுத்து. யூனிகோடில் ம, இகரக் குறி, ன, புள்ளி, ன, ல, புள்ளி என்று ஏழு. ஏழுக்கும் சம இடம். படத்தில் 'ன்', 'ன' இரண்டும் ஒரே அகலம்தான். அடியிலோ 'ன்' இரண்டு கட்டத்தையும் 'ன' ஒரே கட்டத்தையும் பிடித்திருக்கின்றன. அதனால் பாதிச் சொல்லை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் நீல நிறம் எழுத்தின் நடுவில் போய் நிற்கும். முழுச் சொல்லைத் தேர்ந்தால் கச்சிதமாகப் பொருந்தும். அடுத்த முறை இப்படி ஒரு கோப்பு கிடைத்தால் இழுத்துப் பாருங்கள். காணா எழுத்தின் நடமாட்டம் கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் இதுதான்.

இந்த ஏற்பாட்டின் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஓசிஆர் தவறாகப் படித்திருந்தால் அந்தத் தவறு வெளியே தெரியாது. மங்கிய அச்சில் புள்ளி விழுந்துபோய் 'கல்' என்பது 'கல' ஆகியிருக்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரமோ, ரகரத்தின் இடத்தில் துணைக்காலோ வந்திருக்கும். பார்ப்பவருக்குப் படம் சரியாக இருப்பதால் கோப்பும் சரி என்றே தோன்றும். ஆகவே ஒரு பக்கத்தை முழுதாக நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் பாருங்கள். தரம் உடனே தெரிந்துவிடும்.

தேடும்போதும் கொஞ்சம் தமிழ் விவரம் வேண்டும். 'புத்தகம்' என்று தேடினால் 'புத்தகத்தை' சிக்காது, 'புத்தக' என்று தேட வேண்டும். பழைய அச்சில் வரி முடிவில் சொல் பாதியில் முறிந்திருக்கும், அதனால் சொல்லின் துண்டுகளையும் தேடிப் பார்க்க வேண்டும். 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டும் ஒன்றென்று அறியாத மென்பொருளில் தேடல் தோற்கும்.

தவறு குறைய முக்கியமான வழி நல்ல பயிற்சித் தரவு, அதாவது மென்பொருள் பார்த்துக் கற்கும் வரிப் படங்களும் அவற்றின் சரியான எழுத்தும். டெசராக்டின் பயிற்சியில் பெரும்பகுதி, கணினி எழுத்துருக்களால் செயற்கையாக வரைந்த வரிகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'ணை', 'லை' வடிவங்களும் தேய்ந்த ஈய எழுத்தும் வரும்போது அது தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. மின்னாக்கத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் ஸ்கேனரோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். ஆயிரம் பக்கத்தை மனிதர் பிழைதிருத்தி, படத்தோடு சேர்த்துப் பொதுவில் வெளியிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு மென்பொருளும் அதில் கற்கும். ஆய்வு நிதியில் இதற்கென்று ஒரு பங்கு கட்டாயம் இருக்க வேண்டும்.

படத்தையே கெடுக்கும் ஒரு சுருக்க முறையும் உண்டு. 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியாளர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேனில் 6-ஐ 8 ஆக்குவதைக் கண்டுபிடித்தார். ஒத்த உருவங்களை ஒரே உருவமாகச் சேமிக்கும் ஜேபிக்2 முறைதான் காரணம். ஓசிஆர் பிழைத்தால் படத்தைப் பார்த்துத் திருத்தலாம். படமே மாறிவிட்டால் எதைப் பார்ப்பது? மூல ஸ்கேன்களை இழப்பில்லாமல் தனியே வைத்திருப்பது அவசியம்.

இன்னொரு வகைக் கோப்பும் உண்டு. கணினியிலேயே தட்டச்சு செய்தது, ஆனால் நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்களில் தமிழ் வடிவத்தை வைத்திருந்ததன் விளைவு அது. இதற்கும் ஓசிஆர் உதவும். ஸ்கேன் பிடிஎஃப்பில் காணா எழுத்தைச் சேர்க்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் போன்ற மென்பொருள் முதலில் 'இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது' என்று மறுக்கும். கட்டாய ஓசிஆர் என்ற தேர்வைக் கொடுத்தால் பக்கத்தைப் படமாக்கி, குப்பை எழுத்தை நீக்கி, புதிதாகப் படித்து வைக்கும்.