கடையில் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ்

கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் பில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு மூன்று இயங்குதளமும் ஒரே நாளில் வந்துபோகும்: கடை மேசையில் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ், டிசைன் செய்பவரிடம் மேக். என்னிடம் ரிவியூவுக்கு வரும் வேலைகளில் கோப்புப் பாதையில் சாய்கோடு எந்தப் பக்கம் என்ற சிக்கல் இப்போது குறைவு, பைதன் மொழியோடு வரும் பாத்லிப் நூலகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலக் கோப்புப் பெயரில் ஒரு எழுத்து பெரிதாக இருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸோ அப்படி ஒரு கோப்பே இல்லை என்றுவிடும். இதெல்லாம் எந்த யூடியூப் பாடத்திலும் கிடைக்கும்.

கிடைக்காதது, உள்ளே தமிழ் வரும்போது நடப்பது.

பைதனில் என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டுகளாக, அதாவது எண்களாக வைக்கும் முறை) சொல்லாமல் கோப்பைத் திறந்தால் லினக்ஸ் பொதுவாக எல்லா மொழிக்கும் பொதுவான யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் அந்தக் கணினியின் கோட் பேஜைப் (சில மொழிகளுக்கு மட்டுமான பழைய எழுத்து அட்டவணை) பார்க்கும். தமிழுக்கென்று விண்டோஸில் அப்படி ஒன்று கிடையாது (சிங்களத்துக்கும்தான்), ஆகவே ஆங்கில அமைப்பில் உள்ள கணினிகளில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 தான் இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், யூடிஎஃப்-8இல் உள்ள வாடிக்கையாளர் பட்டியலைப் படிக்கும்போது 'முருகன்' வந்ததும் புரோகிராம் விழுந்துவிடும், 'கமலா' மட்டும் இருந்தால் சத்தமே இல்லாமல் குப்பை எழுத்தாக உள்ளே போய்விடும். உகரக் குறியின் கடைசி பைட்டுக்கும் புள்ளியின் கடைசி பைட்டுக்கும் 1252இல் எழுத்தே இல்லை, கமலாவில் அவை இரண்டும் இல்லை. விழுவதை விட இந்த இரண்டாவதுதான் ஆபத்து. ஜாவா 2022இல், 18ஆம் பதிப்பில் யூடிஎஃப்-8ஐ இயல்பாக்கிவிட்டது, பைதனில் 3.15இல் இருந்துதான். அதுவரை ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்கை எழுதியே ஆகவேண்டும்.

அப்புறம் கோப்புப் பெயர். 'கொழும்பு' என்பதில் உள்ள 'கொ'வின் குறியை யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் தரம்) ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே சேமிக்கும், 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைக்கும், லினக்ஸ் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். அதனால் பழைய மேக் வட்டிலிருந்து வந்த படத்தை சர்வரில் தேடினால் 'இல்லை' என்று வரும், பட்டியலைத் திறந்தால் கண்முன்னே இருக்கும்! கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதை. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தே வைக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள், டெஸ்டுகளிலும் தமிழ்ப் பெயர்களையே போட்டு மூன்று இயங்குதளத்திலும் ஓட விடுங்கள்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் 'ஆசியா/கொழும்பு' நேர வலயத்தைக் கேட்டால் கிடைக்கும், விண்டோஸில் பைதனுக்கு நேர வலயத் தகவல் உள்ள டிசட்டேட்டா பொதியைத் தனியாகப் போடவேண்டும். உலகப் பொது நேரத்தோடு (யூடிசி) ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். இன்றைய பில்லுக்குப் போதும். ஆனால் 1996 மே மாதம் இலங்கை நேரம் ஆறரைக்குப் போய், அந்த ஒக்டோபரில் ஆறுக்கு இறங்கி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது, அந்தக் காலத்துக் கணக்கை ஏற்றினால் பெரும்பாலான பதிவுகள் அரை மணி நேரம் பிசகும்.